வேலையை விடாமல் இயற்கை மருத்துவம் படிக்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

இயற்கை மருத்துவம் படிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டியவர்கள். ஒருவர் வங்கியில் இருப்பார், ஒருவர் பள்ளி ஆசிரியை, இன்னொருவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சொந்த முதுகுவலியோ அப்பாவின் சர்க்கரையோ இந்தப் பக்கம் இழுத்து வந்திருக்கும். ஆர்வத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிறு வகுப்புகளுக்கு ஒரு வருடம் அலைந்து முடித்துவிட்டு, "இதை வச்சு இப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்கிறவர்களும் இவர்களில் உண்டு. அந்தக் கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது, மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். இயற்கை மருத்துவராக வேண்டுமென்றால் நம் நாட்டில் அதற்கான பட்டப்படிப்பு பி.என்.ஒய்.எஸ்., அதாவது இயற்கை மருத்துவமும் யோக அறிவியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர், ஆக மொத்தம் ஐந்தரை வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனை வளாகத்தில் இதற்கு அரசுக் கல்லூரியே இருக்கிறது, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் என்று மற்ற மருத்துவ மாணவர்கள் படிக்கிற அடிப்படைப் பாடங்கள் இவர்களுக்கும் உண்டு. இது முழுநேரப் படிப்பு. மாலைக் கல்லூரி, வார இறுதி, அஞ்சல் வழி என்று இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மருத்துவப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகள் இடம் கொடுப்பதில்லை. 2025-இல் உணவு, ஊட்டச்சத்துப் படிப்புகளையும் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஆகவே "சரி, டயட்டீஷியன் படிப்பையாவது தபாலில் முடிப்போம்" என்று நினைக்கிறவர்களும் சேர்க்கைக்கு முன் ஒரு தடவை விசாரிப்பது நல்லது.

அப்படியானால் பகுதிநேரம் என்று விளம்பரத்தில் வருவது என்ன? பெரும்பாலும் சான்றிதழ் அல்லது டிப்ளமோ. அவற்றால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். யோகா சொல்லித்தரலாம், சிகிச்சை மையத்தில் உதவியாளராகச் சேரலாம், சொந்த வீட்டின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் நோயைக் கண்டறிவதும், சிகிச்சை எழுதிக் கொடுப்பதும், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்வதும் அந்தச் சான்றிதழுக்குள் வராது. 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஹோமியோபதி படித்துப் பதிவும் பெற்ற ஒருவர் தான் படிக்காத அலோபதி மருந்தைக் கொடுத்ததற்காக, அவரைப் போலி மருத்துவர் என்றே சொன்னது. ஒரு மருத்துவ முறையைப் படித்துப் பதிவும் பெற்றவருக்கே அந்த நிலை என்றால், ஐம்பது ஞாயிற்றுக்கிழமை படித்தவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற வரி கண்ணில் படும். எந்த அரசு, எந்தத் துறை, எதற்கான அங்கீகாரம் என்று கேளுங்கள். சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்த தாளைக் காட்டுவார்கள். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் சுவரில் தொங்கும். சிறு தொழில் பதிவு எண்கூட நோட்டீஸில் இருக்கும். இவை எல்லாம் அந்த நிறுவனம் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. அது நடத்தும் படிப்புக்கு அல்ல. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்திய மருத்துவ முறைகளுக்காக 2020-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா என்ற திபெத்திய மருத்துவம் எல்லாம் இருக்கின்றன. இயற்கை மருத்துவம் இல்லை. நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் ஒழுங்காணையம் இல்லாத இடத்தில், கவுன்சில் என்றும் போர்டு என்றும் பெயர் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்க முடிகிறது. எனக்குத் தெரிந்து நேராகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை வைத்துத் தமிழ்நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்ய முடியுமா? முடியும் என்றால் எழுத்தில் கொடுங்கள்." பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) எடுக்கிற உதவி மருத்துவ அலுவலர் வேலைக்கும் டிப்ளமோ போதாது.

வேலையில் இருந்துகொண்டே நாணயமான ஒரு தகுதி வேண்டுமென்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றளிப்பு வாரியத்தின் தேர்வுகளைப் பார்க்கலாம். படிப்படியாக எழுதிக்கொண்டு போகலாம், வேலையை விட வேண்டியதில்லை. ஒரு வருடம் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு, புனேயில் உள்ள தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் சிகிச்சை உதவியாளர் பயிற்சி நடத்துகிறது. காந்தி வந்து தங்கியிருந்த, டாக்டர் தின்ஷா மேத்தாவின் பழைய மருத்துவமனைதான் இன்று அந்த நிறுவனம். உதவியாளர் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையால் செய்கிற வேலையை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

கைவேலை என்றதும் அடுத்த தவறு வந்துவிடுகிறது. பகுதிநேர மாணவர்கள் வகுப்பைத் தவறவிட நேர்ந்தால், பாட வகுப்புக்கு வந்துவிட்டுச் செய்முறை வகுப்பைத்தான் விடுகிறார்கள். "நோட்ஸ் வாட்ஸாப்புல வந்துடும்" என்று ஒரு தைரியம். பாடம் வரும்தான், மண் பட்டி வராது. மண் பட்டிக்குத் தரையின் மேல்மண் ஆகாது. மூன்று, நான்கு அடி ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் படாத இடமாக இருக்க வேண்டும். வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்து, முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் ஈரத்துணியில் பத்து அங்குலம் நீளம், ஆறு அங்குலம் அகலம், ஓர் அங்குலம் தடிமனில் பரப்பி மடித்து, சாப்பிடாமல் இருக்கும்போது வயிற்றின் மேல் இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை போடுவார்கள். இவ்வளவையும் யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். தண்ணீர் அதிகமானால் இடுப்பு வழியாக வழிந்து படுக்கை நனையும், குறைந்தால் பத்து நிமிடத்தில் வெடிப்பு விடும். சரியான பதம் எது என்பது கையில் பிசைந்தால்தான் தெரியும். படுத்திருப்பவருக்குக் குளிர் நடுக்கம் வருகிறதா என்று பார்க்கிற பழக்கமும் பக்கத்தில் நின்றால்தான் வரும்.

இதைவிட முக்கியமானது சுடுநீர்ப் பாதக் குளியல். கேட்கச் சாதாரணமாக இருக்கும்: ஒரு வாளி வெந்நீர், அதில் கால். பல வருடம் சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கலாம். தண்ணீர் கொதிக்கிற அளவு சூடாக இருந்தாலும் "பரவால்ல, சுகமா இருக்கு" என்பார். மறுநாள் கொப்புளம், அதற்கடுத்த வாரம் ஆறாத புண். செய்முறை வகுப்பில் வெப்பமானியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வதும், காலை முதலில் தொட்டுப் பரிசோதிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். அந்த ஒரு நாள் வகுப்புக்குப் போகாமல் வளைகாப்புக்குப் போனவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சேரும்போதே செய்முறை நாட்களின் பட்டியலை வாங்கி, அந்தத் தேதிகளுக்கு அப்போதே விடுப்பு சொல்லிவைப்பதுதான் வழி. தை, வைகாசி முகூர்த்த நாட்களும் மார்ச் மாதக் கணக்கு முடிப்பும் எப்போது வரும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்ததுதானே.

நேரத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் அட்டவணை போடச் சொல்வார்கள். அட்டவணை போடுகிறவர்கள் செய்கிற தவறு, கடினமான பாடத்தை இரவு பத்து மணிக்கு மேல் வைப்பது. எட்டு மணி நேர வேலை, பஸ், சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்தபின் நரம்பு மண்டலம் தலையில் ஏறாது. அதைக் காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மாற்றிவிட்டு, எலும்புப் பெயர்கள், வைட்டமின் பட்டியல் போன்ற மனப்பாடச் சரக்கைப் பயணத்துக்கு ஒதுக்கலாம். ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு நாள் கணக்கு ஒத்துவராது, வாரக் கணக்குதான் சரி. வீட்டில் இருப்பவர்களிடம் "கொஞ்ச நாள் பிஸியா இருப்பேன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த ஞாயிறு இருக்க மாட்டேன், அன்றைக்கு யார் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசி முடிப்பது சண்டையைக் குறைக்கும். இந்தப் படிப்புக்கு வருகிற பெண்கள் பலர் பாதியில் நிற்பது பாடத்தால் அல்ல, இந்தப் பேச்சு நடக்காததால்தான் என்பது என் எண்ணம்.

படித்ததை உடனே வீட்டில் சோதித்துப் பார்ப்பது அடுத்தது. இரண்டாவது மாதத்திலேயே மாமியாருக்குச் சாறு உபவாசம் தொடங்கிவிடுவார்கள். அவர் சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்த்து மயங்கி விழுவார். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் பழச்சாறும் குடம் குடமாகக் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஸ்டார் ஃப்ரூட் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. அதன் உறவான பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று நம்பி அளவில்லாமல் குடித்து, நல்ல சிறுநீரகம் செயலிழந்துபோனவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். "இயற்கைதானே, என்ன ஆகிவிடும்" என்ற பேச்சைப் படிப்பின் முதல் நாளே விட்டுவிட வேண்டும். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்துபோனது நினைவிருக்கும். யாரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற அத்தியாயம் எந்தப் புத்தகத்திலும் சின்னதாகத்தான் இருக்கும். அதைத்தான் இரண்டு தடவை படிக்க வேண்டும். யாருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் கிடையாது, வீட்டு ஆட்களுடையதையும் சேர்த்துத்தான்.

உங்கள் உடம்பிலும் அவசரம் வேண்டாம். இரவு ஷிப்ட் வாரத்தில் உபவாசம் இருந்துவிட்டு இயந்திரத்தின் முன்னால் நிற்பது வைராக்கியம் அல்ல, ஆபத்து.

அலுவலகத்துக்குச் சொல்லாமல் படிக்கிறவர்கள் இன்னொரு ரகம். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. அரசு ஊழியர்கள் மேற்படிப்புக்கு முன் அனுமதி வாங்கிவிடுவது நல்லது. படித்து முடித்தபின் மாலையில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லலாம் என்று நினைத்தால், நடத்தை விதிகள் அனுமதியில்லாத தனித் தொழிலைத் தடுக்கின்றன என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பணத்தில் ஒன்றே ஒன்று: படிக்கும்போதே நீராவிப் பெட்டி, மசாஜ் மேசை, இடுப்புக் குளியல் தொட்டி என்று வாங்கிக் குவிக்காதீர்கள். படிப்பை நடத்துகிறவர்களே அவற்றை விற்கிறார்கள் என்றால் இன்னும் யோசியுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் "சர்க்கரை, பிபி, கேன்சர் குணமாகும்" என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் ஒரு நோய்ப் பட்டியலையே வைத்திருக்கிறது. இந்த மூன்றும் அதில் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். சாறு, சூரணம், எண்ணெய் என்று எதையாவது விற்றுக்கொண்டு அப்படி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். சிகிச்சை கொடுக்கிற இடம் என்று போர்டு மாட்டினால், மருத்துவ நிலையங்களுக்கான 1997-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு எங்கே என்ற கேள்வி வரும். போர்டில் யோகா வகுப்பு, நேரம், கட்டணம் மட்டும் இருக்கட்டும். மூட்டுவலி, ஆஸ்துமா என்று கேட்டு வருகிறவர்களை அனுப்புவதற்கு, பக்கத்து அரசு மருத்துவமனையின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு எந்த நேரத்தில் இயங்குகிறது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.