முதலுதவிப் பயிற்சிக்கு அரசாங்கக் காசு கேட்பது எப்படி?

போன வருடம் எங்கள் பாடசாலைக்குப் ‘பயிற்சி தேவை’ என்று மட்டும் எழுதினேன், பதிலே வரவில்லை. இந்த முறை கணக்கோடு போனேன்: உயர்தர வகுப்பு மாணவர் 40 பேர், நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மை 2, பயிற்றுநர் கொடுப்பனவு, தேநீர், வடை. வடையை வெட்டிவிட்டார்கள், சரி.

முதலில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுங்கள். அந்தக் கூட்ட அறிக்கையின் பிரதியையும் விலைமனுக்களையும் இணைத்து, அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மார்கழியில் கேட்டால் பிந்திவிடும்.

கடிதத்தில் காரணம் கண்ணுக்குத் தெரியவேண்டும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அது வந்துசேரும்வரை நிமிடத்துக்கு 100–120 தடவை, 5–6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, இதயம் நின்றுபோன வளர்ந்த ஒருவரின் நெஞ்சை அழுத்தப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும். நான் அதைத்தான் முதல் வரியாக வைத்தேன்.