டவுன் பஸ் கேட்டு மனு எழுதும் முன்

இருபத்தெட்டு வருடம் தோளில் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மனுவை எழுதி எடுத்துக்கொண்டு வந்து, "சரியா இருக்கா பாருங்கண்ணே" என்கிறார்கள். பத்தில் ஒன்பது மனு, "சுதந்திரம் அடைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியும்" என்றுதான் தொடங்கும். படிக்கிற அதிகாரிக்கு இரண்டாவது வரியிலேயே கொட்டாவி வந்துவிடும். அவர் மேஜையில் இருப்பது கிலோமீட்டர் கணக்கு. மனுவும் அந்தக் கணக்கில்தான் பேச வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலேயே பலர் வழி தவறுகிறார்கள். நகராட்சி வைத்திருப்பது பஸ் ஸ்டாண்டை மட்டும்தான். பஸ்ஸை ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம். மாநிலத்தில் மொத்தம் எட்டுக் கழகங்கள். டிக்கெட் விலையை வைப்பது மாநில அரசு. அதனால் கவுன்சிலரிடம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவது வீண். மனு போக வேண்டியது மண்டலப் பொது மேலாளருக்கு. நகல் கிளை மேலாளருக்கும் கலெக்டருக்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இனிப் பணக் கணக்கு. டவுன் பஸ் ஒரு லிட்டர் டீசலுக்கு ஐந்தரை கிலோமீட்டர் ஓடினால் நல்ல வண்டி. டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 17 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. உங்கள் ஊர் 10 கிலோமீட்டரில் இருந்தால் ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒரு வழி நடைக்கு, டீசல் மட்டுமே கிட்டத்தட்ட 170 ரூபாய். தலைக்குப் பத்து ரூபாய் டிக்கெட் என்று வைத்தாலும் பதினேழு பேர் ஏறினால்தான் டீசல் காசு தேறும். டிரைவர், கண்டக்டர் சம்பளம், டயர், ஸ்பேர் எல்லாம் அதற்கு மேலே. சம்பளச் செலவு டீசலைவிடப் பெரியது. கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். ஊரே கொதித்ததால் சில நாளிலேயே கொஞ்சம் குறைத்தார்கள். அன்றைக்கு டீசல் 65 ரூபாயை ஒட்டி இருந்தது. விலை ஏறாதது பயணிக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் காசை மட்டும் நம்பி எந்த டவுன் பஸ்ஸும் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீதியை அரசு தருகிறது. மாணவர் பாஸுக்கு ஒரு தொகை, டீசல் விலை ஏற்றத்துக்கு ஒரு தொகை, எல்லாவற்றையும்விடப் பெரியதாகப் பெண்களின் கட்டணமில்லாப் பயணத்துக்கு ஒரு தொகை. 2021 மே மாதம் இந்தத் திட்டம் வந்தபோது வருடத்துக்கு 1,200 கோடி ரூபாய் ஆகும் என்றார்கள். 2025-26 பட்ஜெட்டில் அதுவே 3,600 கோடி.

இங்கேதான் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். "சும்மாதானே போறோம், எதுக்குச் சீட்டு?" என்று பெண்கள் அந்தக் கட்டணமில்லாச் சீட்டை வாங்குவதில்லை, கண்டக்டரும் கூட்டத்தில் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். நானும் நெரிசலில் அப்படி விட்டதுண்டு. சீட்டு இல்லாத பயணி கணக்கில் இல்லை. நாற்பது பெண்கள் தொங்கிக்கொண்டு போன நடை, காகிதத்தில் ஆறு பேர் போன நடையாகத் தெரியும். ஆள் இல்லாத நடையை வெட்டத்தானே செய்வார்கள்? சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மனு எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து, எண்ணுங்கள். படித்த பிள்ளைகள் இரண்டு பேரிடம் நோட்டைக் கொடுத்து, மெயின் ரோட்டில் டீக்கடைப் பக்கம் காலை ஆறிலிருந்து பத்து வரை, சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை உட்கார வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ வந்து பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? பள்ளி, கல்லூரி, நூறு நாள் வேலை, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று பிரித்து எழுதட்டும். முகூர்த்த நாளையும் சந்தை நாளையும் தவிர்த்து மூன்று நாள் எண்ணினால் போதும். சந்தை நாள் எண்ணிக்கையைக் காட்டி பஸ் வாங்கிய ஓர் ஊரில், மற்ற ஆறு நாளும் நானும் டிரைவரும் பேசிக்கொண்டே போய் வந்தோம். எட்டு மாதத்தில் அந்த நடை நின்றது.

எண்ணி முடித்ததும் புது பஸ் கேட்காதீர்கள். புது பஸ்ஸுக்கு வண்டி வேண்டும், இரண்டு ஷிப்டுக்கு ஆள் வேண்டும், பெர்மிட் வேண்டும். பக்கத்து ஊரோடு திரும்பிப் போகிற பஸ்ஸை மூன்று கிலோமீட்டர் நீட்டிக்கக் கேளுங்கள். "காலை 7.40 நடையை மட்டும் எங்கள் ஊர் வரை நீட்டித்தால் 62 பேர் ஏறுவார்கள்" என்ற ஒரு வரி, நாலு பக்க மனுவை அடித்துவிடும். நேரம் கேட்கும்போது ஊருக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலத்தெரு ஏழரை, கீழத்தெரு எட்டரை என்று இரண்டு மனு போனால் இரண்டும் அலமாரிக்குள் போய்விடும்.

பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி ஒரே மூச்சில் திரும்ப வேண்டும், பின்னால் எடுத்து எடுத்துத் திருப்பினால் எந்த டிரைவரும் ரிப்போர்ட் எழுதுவார். தாழ்ந்த மின்கம்பி, தலையை இடிக்கிற புளியங்கிளை, பாலத்தின் பலம் எல்லாம் ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பார். அவருக்கு முன் நீங்கள் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இரவு தங்கல் பஸ் வேண்டுமா? அப்படியென்றால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஓர் அறை கொடுங்கள். ஃபேன், கொசுவலை, கக்கூஸ், பூட்டு இருந்தால் போதும். நான் தங்கல் போன ஓர் ஊரில் ரேஷன் கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்து, காலையில் ஒரு சொம்பு மோரும் வைப்பார்கள். அந்த நடைக்குப் போக டிப்போவில் எங்களுக்குள் போட்டியே நடந்தது.

உங்கள் பக்கம் ஏற்கெனவே ஓடும் பஸ்ஸின் கணக்கு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி எழுதுங்கள். தடம் எண்ணைச் சொல்லி, மூன்று மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கிலோமீட்டருக்கு வசூல் எவ்வளவு, கட்டணமில்லாச் சீட்டு எத்தனை, ரத்தான நடை எத்தனை என்று கேளுங்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "எத்தனை" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ரத்தான நடை எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டு அதையும் மனுவோடு இணையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை இருபதைத் தாண்டவில்லையா? மினி பஸ்ஸைப் பாருங்கள். புது மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கியது. தனியார் வண்டிதான், பெரிய பஸ் நுழையாத தெருவுக்கும் வரும். ஆனால் அதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. இதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே கண்டக்டர் பையன் திட்டு வாங்குவான்.

சரி, பஸ் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தேங்காய் உடையுங்கள், மாலை போடுங்கள். சந்தனத்தை மட்டும் கண்ணாடியில் அப்பாதீர்கள், டிரைவருக்கு ரோடு தெரிய வேண்டும். மாலையையும் ஊர்ப் பெயர் போட்ட போர்டுக்குக் கீழே தொங்கவிடுங்கள்.