வயசானவங்களுக்கு வீட்லயே கீமோ மாத்திரை குடுக்கறவங்க கவனிக்க வேண்டியது (மெர்க்கல் செல் கேன்சர்)

கீமோன்னா டிரிப்ஸ் ஏத்துறதுன்னுதான் நானும் நெனச்சிட்டு இருந்தேன். எங்க அப்பாவுக்கு 79 வயசுல கன்னத்துல ஒரு செவப்பு கட்டி, வலியும் இல்ல அரிப்பும் இல்ல, ரெண்டு மாசத்துல கோலிகுண்டு சைஸுக்கு வந்துருச்சு, எடுத்து டெஸ்ட் பண்ணா மெர்க்கல் செல் கார்சினோமா. ரொம்ப அபூர்வமான தோல் கேன்சர், பெரும்பாலும் வயசானவங்களுக்கு, அதுவும் வெயில் படுற முகம் கழுத்துலதான் அதிகம் வரும், வேகமா பரவும். இதுக்கு ஒரு வைரஸும் காரணம்னு 2008-ல கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா அது நம்ம யாருக்கும் ஒட்டிக்குமேன்னு பயப்படுற மாதிரி விஷயம் இல்ல.

ஒன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கோங்க. பரவிட்ட ஸ்டேஜ்ல இப்பல்லாம் மொதல்ல யோசிக்கறது இம்யூனோதெரபிதான் (நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சருக்கு எதிரா தூண்டி விடுற சிகிச்சை), அவெலுமாப்னு ஒரு மருந்துக்கு 2017-ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சதுல இருந்து அப்படித்தான். அது ஒத்துக்கல, இல்ல வேலை செய்யல, இல்ல கிட்னி மாதிரி உறுப்பு மாத்தினவங்களுக்கு அத குடுக்க பயம்னா அப்பதான் கீமோ பக்கம் வருவாங்க. டிரிப்ஸ்ல ரெண்டு மருந்து சேத்து ஏத்துனா தாங்க முடியாத உடம்புன்னா எட்டோபோசைடுங்கற கீமோ கேப்சூல மட்டும் வாயில குடுக்கறதும் உண்டு. கட்டி சீக்கிரமா சுருங்கலாம், ஆனா நெறைய பேருக்கு சில மாசத்துலயே திரும்பி வந்துரும். இத டாக்டர்கிட்ட நேராவே கேட்டுருங்க, என்ன எதிர்பார்த்து குடுக்கறோம்னு வீட்ல எல்லாருக்கும் தெரியணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்க போடுற எல்லா மாத்திரையையும், மூலிகை சூரணம் உட்பட, ஒரு பையில அள்ளிட்டு போய் டாக்டர் மேஜையில கொட்டுங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்கன்னா கண்டிப்பா சொல்லணும், ரெண்டும் சேந்தா ரத்தக்கசிவு வரலாம். ரத்த டெஸ்ட்ல கிட்னி, லிவர் கூட ஆல்புமின்ங்கற புரதத்தையும் பாத்தாங்களான்னு கேளுங்க. எட்டோபோசைடு ரத்தத்துல ஆல்புமினோட ஒட்டிக்கிட்டுதான் சுத்தும், சரியா சாப்பிடாத வயசானவங்களுக்கு ஆல்புமின் கம்மியா இருக்கும், அப்ப அதே டோஸ் உடம்புக்குள்ள ஜாஸ்தியா வேலை செய்யும். கிட்னி மந்தமா இருந்தாலும் டோஸ கொறைக்கணும்.

இது தினமும் போடுற பிரஷர் மாத்திரை மாதிரி கெடையாது. கொஞ்ச நாள் போட்டு கொஞ்ச நாள் நிறுத்தணும், எத்தன நாள்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். பெரிய எழுத்து காலண்டர்ல போடுற நாளுக்கு ஒரு கலர், லீவு நாளுக்கு ஒரு கலர் அடிச்சு வெச்சுருங்க. மத்த மாத்திரை டப்பாவுல இத கலக்கவே கலக்காதீங்க. வெறும் வயித்துல, முழுசா முழுங்கணும், ஒடைக்கறது கடிக்கறது தண்ணில கரைக்கறது எதுவுமே கூடாது. நிமிந்து உக்காந்து மொதல்ல ஒரு மடக்கு தண்ணி குடிச்சு தொண்டைய நனைச்சுட்டு, கேப்சூல வாயில போட்டு தண்ணியோட தலைய லேசா முன்னாடி குனிஞ்சு முழுங்க சொல்லுங்க, கேப்சூல் மெதக்கும், அதனால அண்ணாந்து முழுங்கறத விட இது சுலபம். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா போடக்கூடாது, வாந்தி எடுத்துட்டாலும் திரும்ப குடுக்காதீங்க, போன் பண்ணி கேளுங்க.

கூடவே நின்னு பாருங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. ரெண்டாவது ரவுண்டுல "போட்டாச்சாப்பா"ன்னு கேட்டா "போட்டுட்டேம்மா"ன்னு சொல்லிருவார். மூணாவது நாள் சட்டைய தொவைக்க எடுக்கறேன், பாக்கெட்ல ரெண்டு கேப்சூல், வேர்வைல எளகி துணியோட ஒட்டிப்போய் இருக்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பக்கத்துல உக்காந்து பொறுமையா கேட்டப்பதான், ராத்திரியெல்லாம் கொமட்டுது, உங்கிட்ட சொன்னா நீ பயந்துருவேன்னு சொன்னார். கொமட்டல் மாத்திரைய கீமோவுக்கு முன்னாடியே போடுற மாதிரி டாக்டர் மாத்தி குடுத்ததும் சரியாயிருச்சு. திட்டாதீங்க, கேளுங்க.

அந்த கேப்சூல நான் வெறுங்கைல பிச்சு எடுத்தேன், அதுவும் தப்பு. க்ளவுஸ் போட்டுதான் தொடணும், கர்ப்பமா இருக்கறவங்க தொடவே கூடாது. மருந்து போடுற நாள்லயும் கடைசி வேளைக்கு அப்பறம் ரெண்டு நாளும் மூத்திரம், மலம், வாந்தில மருந்து வெளிய வரும், டாய்லெட் மூடிய மூடி ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணணும், அழுக்கான துணிய தனியா தொவைங்க.

இப்ப ரொம்ப முக்கியமானது. ஆரம்பிச்சு ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள வெள்ளை அணு ரொம்ப எறங்கும், ரத்தம் உறைய உதவுற தட்டணுவும் (பிளேட்லெட்) எறங்கும். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தா விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி. பாரசிட்டமால் குடுக்கறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வெச்சுருங்க, இல்லன்னா அது காய்ச்சல மறச்சிரும். ஆனா வயசானவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் இருந்தும் காய்ச்சலே வராம போகலாம். எங்க அப்பாவுக்கு அப்படித்தான், ஒரு சாயங்காலம் ஒரே கேள்விய நாலு தடவ கேட்டார், பாத்ரூம் போறப்ப செவுத்த புடிச்சுட்டு நடந்தார், டெம்பரேச்சர் 99.3 தான். ஏதோ சரியில்லன்னு தோணி கூட்டிட்டு போனேன், வெள்ளை அணு அடிமட்டத்துல இருந்துச்சு, அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் ஏத்துனாங்க. திடீர் கொழப்பம், தூங்கி தூங்கி விழறது, நடை தடுமாறறது இதெல்லாம் காய்ச்சலுக்கு சமம்னு வெச்சுக்கோங்க. ஈறுல ரத்தம், கருப்பா மலம், தோல்ல சின்ன சின்ன செவப்பு புள்ளி, மூச்சு வாங்கறது, தண்ணி கூட எறங்காத வாய்ப்புண், நிக்காத பேதி, இதுக்கும் அப்படியே. முடி கொட்டும், அது வயசானாலும் மனச பாதிக்கும், முன்னாடியே சொல்லி வைங்க.

ஒரு நோட்டுல தேதி, போட்ட நேரம், டெம்பரேச்சர், எடை, சாப்பாடு, வாரம் ஒரு தடவ கட்டி எப்படி இருக்குன்னு எழுதுங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி ரத்த டெஸ்ட் ரிசல்ட் பாத்து டாக்டர் சரின்னு சொன்ன அப்பறம்தான் அடுத்தத ஆரம்பிக்கணும், கைல கேப்சூல் இருக்கேன்னு நாமளே ஆரம்பிச்சுர கூடாது. தொடரணுமா வேண்டாமான்னு பேசறப்ப அவங்களையும் உக்கார வெச்சு பேசுங்க, முதுகுக்கு பின்னாடி வேண்டாம். நிறுத்தறதுன்னு முடிவானா வலிக்கும் புண்ணுக்கும் பாக்கற பாலியேட்டிவ் டீம் இருக்காங்க, அவங்கள ஆரம்பத்துலயே பாத்து வைக்கறது நல்லது.

மிச்சமான கேப்சூல குப்பைலயோ டாய்லெட்லயோ போடாம வாங்குன ஃபார்மசிலயே திருப்பி குடுத்துருங்க.