பாத்ரூம் சுவர் டைல்ஸுக்கு நாமே கிரவுட் போடுவது எப்படி?

டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று சாயங்காலம் மேஸ்திரிகள் கொஞ்சம் வெள்ளை சிமெண்டைத் தண்ணியாகக் கரைத்து, பழைய துணியால் சுவர் முழுக்கத் தேய்த்துவிட்டுப் போவார்கள். பல வீடுகளில் கிரவுட், அதாவது டைல்ஸ்களுக்கு நடுவில் உள்ள இடுக்கை அடைக்கும் கலவை, என்பது இவ்வளவுதான். அப்புறம் சில மாதங்களில் ஷவர் பக்கத்துக் கோடுகள் கருத்து, அங்கங்கே உதிரத் தொடங்கும். எங்கள் வீட்டு பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் வேலையை மட்டும் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, கிரவுட்டை நானும் தம்பியும் போட்டோம். இது பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் புதியவர்களாலும் நன்றாகச் செய்ய முடியும். வேகமாக முடிக்க, கையை வேகமாக ஓட்டத் தேவையில்லை. தண்ணீரைக் குறைத்து, துடைக்கும் நேரத்தைச் சரியாகப் பிடித்தால் போதும்.

5க்கு 7 அடி பாத்ரூம், சுவரில் 7 அடி உயரத்துக்கு 12க்கு 18 அங்குல செராமிக் டைல்ஸ், நடுவில் ஸ்பேசர் (இடைவெளி சீராக இருக்க வைக்கும் சின்னத் துண்டு) வைத்த 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவை

3 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளிக்கு மணல் கலக்காத, நைசான சிமெண்ட் கிரவுட் போதும். மேலே சொன்ன அளவுக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ ஆகும். 1 கிலோ பாக்கெட்டாக மூன்று வாங்குங்கள். மூன்றிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறலாம். நிறத்தில் என் ஓட்டு வெளிர் சாம்பலுக்கு. தூய வெள்ளை முதல் மாதம் அழகாக இருக்கும், அப்புறம் ஒவ்வொரு சோப்புக் கறையும் தெரியும்.

கிரவுட் போட, அடியில் ரப்பர் ஒட்டிய கட்டை ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மணியாசுக் கட்டை போலவே கைப்பிடி இருக்கும். இரும்புப் பட்டித் தகடு வேண்டாம், டைல்ஸ் பளபளப்பில் கீறல் விழும். ஓரங்கள் உருண்டையாக உள்ள பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு, பக்கெட் இரண்டு, தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், பருத்தித் துணி, ரப்பர் கையுறை, மாஸ்க். கையுறையைத் தவிர்க்காதீர்கள், ஈர சிமெண்ட் தோலை அரித்துவிடும்.

இடுக்கைத் தயார் செய்வது

டைல்ஸை அட்ஹெசிவில் (டைல்ஸ் ஒட்டும் பசைக் கலவை) ஒட்டியிருந்தால் குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். சிமெண்ட் கலவையில் ஒட்டியிருந்தால் இன்னும் சில நாள் காய வேண்டும், உள்ளே ஈரம் இருந்தால் கிரவுட் நிறம் திட்டுத்திட்டாக வரும். ஸ்பேசர்களை எடுத்துவிட்டு, இடுக்கில் பிதுங்கி நிற்கும் கலவையை ஹேக்ஸா பிளேடுத் துண்டால் சுரண்டுங்கள். டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்காவது ஆழம் இருக்க வேண்டும். மேலோட்டமாகப் பூசிய கிரவுட்தான் பின்னால் செதிலாக உதிர்கிறது. சுரண்டிய தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் தரையும் சேரும் இடம், குழாயைச் சுற்றி இருக்கும் இடைவெளி, இவற்றில் கிரவுட் போடக் கூடாது. கட்டிடம் வெயிலுக்கும் குளிருக்கும் லேசாக அசையும்போது முதலில் விரிசல் விடுவது இங்கேதான். மாஸ்கிங் டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். கடைசியில், ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிக்கான் போடலாம்.

கலப்பது

குடிக்கிற தண்ணீரில் கலக்குங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், காய்ந்த பிறகு கோடுகளில் வெள்ளையாகப் பூக்கும். அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவை கலக்க வேண்டாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை ஒரு கப்பில் அளந்து எடுத்து, எல்லாத் தடவையும் அதே அளவையே பயன்படுத்துங்கள். முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பவுடர். கட்டியில்லாமல் கலந்ததும் 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி ஒரு கலக்கு. உளுந்து வடை மாவு போல, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும்.

வேலை நடுவில் இறுகத் தொடங்கினால் கிளறிப் பாருங்கள். அப்போதும் இளகவில்லை என்றால் கொட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றி இளக்கினால் வலுவும் போகும், நிறமும் போகும்.

பூசுவது

செராமிக் சுவர் டைல்ஸின் உடல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் காய்ந்த ஓரங்கள் கிரவுட்டில் உள்ள ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். அதனால் பூசும் முன் இடுக்குகளில் ஸ்பிரேயால் லேசாகத் தண்ணீர் அடியுங்கள், தேங்கி நிற்கக் கூடாது. ஃபேனை நிறுத்திவிடுங்கள். விட்ரிஃபைடு (கண்ணாடி போல இறுகச் சுட்ட) டைல்ஸ் என்றால் இது தேவையில்லை, அது அரை சதவீதம்கூடக் குடிக்காது.

கதவுக்கு எதிர்ச் சுவரில், மேலிருந்து கீழாகத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 சதுர அடி போதும். கட்டையை 45 டிகிரி சாய்த்து, அழுத்தி, இடுக்குக்குக் குறுக்காக இரண்டு பக்கத்திலிருந்தும் தள்ளுங்கள். நிரம்பியதும் கட்டையை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, மூலைவாட்டில் இழுத்து மீதியை வழியுங்கள். கோட்டோடு சேர்த்து இழுத்தால் கட்டையின் விளிம்பு உள்ளே இறங்கிக் கிரவுட்டைத் தோண்டி எடுத்துவிடும். இந்த வழிப்பு எவ்வளவு சுத்தமோ, பின்னால் துடைக்கும் வேலை அவ்வளவு குறைவு.

துடைப்பது

எல்லாரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீக்கிரம் துடைத்தால் கிரவுட் ஸ்பாஞ்சோடு வந்து கோடு பள்ளமாகிவிடும். தாமதித்தால் டைல்ஸ் மேல் பிடித்த படலம் கல்லாகிவிடும். பாக்கெட்டில் 15 முதல் 30 நிமிடம் என்று இருக்கலாம், ஆனால் ஏப்ரல் மாத வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். கோட்டில் விரல் வைத்தால் லேசாகத் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. டைல்ஸ் மேல் மங்கலான வெள்ளைப் படலமும் தெரியும். அதுதான் சரியான நேரம்.

ஸ்பாஞ்சை முறுக்கிப் பிழிந்து, ஒரு சொட்டுகூட விழாத நிலைக்குக் கொண்டு வாருங்கள். சொட்டும் ஸ்பாஞ்ச் கோட்டின் மேல்பரப்பில் இருக்கும் சிமெண்டையும் நிறத்தையும் கழுவிக்கொண்டு போகும். காய்ந்ததும் வெளிறிய திட்டுகள் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதல் சுற்றில் மெதுவாக வட்டமாகத் தேய்த்துப் படலத்தை இளக்கி, கோட்டைச் சமன் செய்யுங்கள். இரண்டாவது சுற்றில் மூலைவாட்டில் ஒரே ஒரு இழுப்பு. ஸ்பாஞ்சைத் திருப்பி, மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான், உடனே அலசிவிடுங்கள். மூன்றாவது இழுப்பு, எடுத்த அழுக்கையே திரும்பப் பூசும். முதல் பக்கெட்டில் அழுக்கு அலசல், இரண்டாவதில் நல்ல தண்ணீர். கலங்கியதும் தண்ணீரை மாற்றுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பூச, ஒருவர் பின்னாலேயே துடைத்து வரலாம். எங்களுக்கு நேரம் மிச்சமானது அதில்தான்.

இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, மீதி மங்கலைக் காய்ந்த பருத்தித் துணியால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆசிட் சிமெண்டைத் தின்னும், புதுக் கிரவுட் அதைத் தாங்காது.

சிலிக்கான்

மறுநாள் மாஸ்கிங் டேப்பை எடுத்து, மூலையின் இரண்டு பக்கமும் புதிதாக ஒட்டி, பாத்ரூமுக்கான பூஞ்சை தடுக்கும் சிலிக்கானை, டியூபை அழுத்தித் தள்ளும் 'கன்' கருவியால் ஒரே சீராக இழுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவி, மேலே தோல் கட்டும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். சிலிக்கான் போட்டு ஒரு நாளாவது அந்தப் பாத்ரூமில் குளிக்க வேண்டாம், இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்தவர்கள் கேட்டவற்றில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, சுவரில் அழகுக்காக நடுவில் பதிக்கும் சொரசொரப்பான ஹைலைட்டர் டைல்ஸ். அதன் பள்ளங்களில் கிரவுட் புகுந்தால் எடுப்பது கஷ்டம். மிச்சமான ஒரு துண்டில் முதலில் பூசித் துடைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால், சுவரில் பூசும் முன் அந்த டைல்ஸின் முகத்தை டேப்பால் மூடிவிட்டு, கோட்டை மட்டும் திறந்து வையுங்கள்.

இரண்டு, சிமெண்டுக்குப் பதில் ரெசினால் ஆன எபாக்ஸி கிரவுட். கறை பிடிக்காது, தண்ணீர் உறிஞ்சாது, விலை அதிகம். ரெசின், ஹார்டனர், ஃபில்லர் மூன்றையும் கலந்த பிறகு நேரம் மிகக் குறைவு, வெயிலில் இன்னும் குறையும். டைல்ஸ் மேல் இறுகிவிட்டால் ஸ்பாஞ்சுக்கு அசையாது. ஷவர் சுவருக்கு அது நல்லதுதான், ஆனால் முதல் தடவை செய்பவர் சிமெண்ட் கிரவுட்டில் கை பழகிவிட்டு அதற்குப் போகலாம். அப்போதும் முதலில் கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் கொஞ்சமாகக் கலந்து ஆரம்பியுங்கள்.