சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு: வீட்டிலேயே தடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிச் செலவு

பிள்ளைக்கு நாலு தடவை தண்ணியாகப் போனதுமே காரைக்குடிக்குக் கார் பிடித்து, "ஒரு டிரிப் போட்டுவிடுங்க டாக்டர்" என்று நிற்பதில்தான் பல வீடுகளில் செலவு தொடங்குகிறது. பால் குடித்து, மூத்திரமும் போகிற பிள்ளைக்கு டிரிப் செய்கிற வேலையை ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக்) கரைசலே செய்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். இரண்டு பாக்கெட் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

கோளாறு கலக்குவதில்தான் வரும். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொடியையும் ஒரே தடவையில் கொட்டிக் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போட்டால் உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் விழாது. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறும். கூடினால் பலன் இருக்காது. 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். கூடவே துத்தநாக மாத்திரை (ஜிங்க்) 14 நாள்: 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு தினம் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதம் மறுபடி வராமல் காப்பதும் அந்த மாத்திரைதான். தொக்கம் எடுக்க (உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்கிற நாட்டு வைத்தியம்) கூட்டிப் போவதில் போகிற அரை நாள், பிள்ளை உடம்பில் தண்ணீர் வற்றுகிற அரை நாள். கடையில் ஓ.ஆர்.எஸ். மாதிரிப் பெயரைப் பார்த்து வாங்குகிற இனிப்பு பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது; சர்க்கரை கூடிப் போக்கு அதிகமாகும்.

கண் குழிந்தாலும், குடிக்க மறுத்தாலும், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படியே. 108-ஐக் கூப்பிடலாம்.

அடுத்தது முற்றம். மழைத் தண்ணீர் பிடிக்கிற அண்டாவும் இரண்டாங்கட்டில் (வீட்டின் பின்பகுதி முற்றத்தில்) உள்ள தொட்டியும் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடங்கள். சாக்கடையை விட நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் தண்ணீரைக் கொட்டி, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பங்காளிகள் பூட்டிவிட்டு வெளியூர் போன பக்கத்து வீட்டு முற்றத்தையும் சாவி வாங்கிப் பாருங்கள்; கசப்பான வேலைதான், ஆனால் கொசுவுக்குப் பங்கு பிரிக்கத் தெரியாது. அது பகலில் கடிக்கும் என்பதால் மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிற நாளில்தான் ஆபத்து: வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடத்தல் ஆகியவற்றைப் பாருங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும். ஒரு வேளை அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 8 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 120 மி.கி.; அதாவது 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் 5 மி.லி. ஆனால் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும் சொட்டு மருந்தில் அது வெறும் 1.2 மி.லி. சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

சளி இருமலுக்கு சிரப் வேண்டாம். 2 வயதுக்குக் கீழ் எந்த இருமல், சளி மருந்தும் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025-இல் அறிவுறுத்தியது. ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது. தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த அளவை எட்டினாலோ, விலா உள்வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று வீடு நிறையும் நாட்களில் கைக்குழந்தையை எல்லா ஆச்சிமாரும் வாங்கிக் கொஞ்சத்தான் செய்வார்கள்; சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வதில் கூச்சப்படாதீர்கள், இருமுகிறவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

தடுப்பூசிக்குப் புதன்கிழமை. 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ரோட்டா சொட்டு (வயிற்றுப்போக்குக்கு). 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் நிமோகாக்கல் (நிமோனியாவுக்கு). 9-ஆம் மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் தட்டம்மை-ரூபெல்லா. எல்லாமே அரசு நிலையங்களில் இலவசம். நிமோகாக்கலுக்கு மட்டும் தனியாரில் ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். அம்மைக்கு முத்துமாரியிடம் வேண்டிக்கொள்ளுங்கள், ஊசியையும் போடுங்கள்.

அட்மிட் ஆக நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. உள்நோயாளிச் செலவுக்குத்தான் இது, ஓ.பி. சீட்டுக்கும் கடை மருந்துக்கும் உதவாது. காய்ச்சல் வந்த பிறகு அலையாமல், பிள்ளை பெயரை இப்போதே ரேஷன் கார்டில் சேர்த்து, வருமானச் சான்றோடு சிவகங்கை அல்லது புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிந்து வையுங்கள்.