சாலையோரப் பழைய மைல்கற்களையும் எல்லைக்கற்களையும் அடையாளம் காண்பது எப்படி?

சாலையை அகலப்படுத்தும் பணி ஓர் ஊரில் தொடங்கினால் முதலில் போவன சாலையோரப் புளியமரங்களும் அவற்றின் நிழலில் நின்ற பழைய கற்களும்தான். மரத்தை வெட்டினால் ஏன் என்று கேட்க நாலு பேர் வருகிறார்கள். கல்லைப் பொக்லைன் வாரிக்கொண்டு போகும்போது அது என்ன கல் என்று தெரிந்தவர்கூட அங்கே இருப்பதில்லை. அப்படித் தெரிந்த ஒருவராவது ஊருக்கு ஊர் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கல்வெட்டியலில் பயிற்சி இல்லாதவரும் பொறுமையும் ஒரு கைப்பேசியும் இருந்தால் இதைச் செய்யலாம்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய கல் சொல்லும் செய்தியில் ஒரு பாதி அதன்மேல் வெட்டப்பட்டிருக்கிறது. மறுபாதி அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. இடத்தைவிட்டுப் பெயர்த்துவிட்டால் மைல்கல் எந்தத் தொலைவையும் காட்டாது, எல்லைக்கல் எந்த எல்லையையும் காட்டாது. எனவே எந்தக் கல்லையும் நகர்த்த வேண்டாம். பாதுகாப்பாக வைப்பதற்காக வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம்.

படி 1: தேட வேண்டிய சாலையைத் தேர்ந்தெடுங்கள்

புறவழிச்சாலைகளை விட்டுவிடுங்கள். ஊருக்குள் நுழைந்து, பழைய பாலத்தைத் தாண்டி, சத்திரத்தையோ சந்தைத் திடலையோ தொட்டுச் செல்லும் சாலைதான் வேண்டும். பழைய வளைவுகளை நேராக்கியபோது கைவிடப்பட்டு, இன்று ‘பழைய ரோடு’ என்று மட்டும் அழைக்கப்படும் துண்டுச் சாலைகள் மிக நல்ல இடங்கள்; அகலப்படுத்த யாரும் வராததால் அங்கே கற்கள் தப்பித்து நிற்கின்றன. இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓரங்குல வரைபடம் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுவது) கிடைத்தால், அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இந்தத் துண்டுகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம்.

காரில் போனால் கண்ணில் படாது. நடந்தோ சைக்கிளிலோ செல்லுங்கள். மரத்தடிகளையும் சிறுபாலங்களின் ஓரங்களையும் பாருங்கள். டீக்கடை வாசலில் உட்காரப் போட்ட கல்லையும், கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லையும் கவனியுங்கள். மஞ்சளும் குங்குமமும் பூசி வழிபடப்படும் கல்லாகவும் அது இருக்கலாம். ஆயுத பூசையன்று சாலைப் பணியாளர்கள் மைல்கல்லுக்கு மாலையிட்டுப் படையல் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்த வழக்கம், வழிகாட்டும் கல்லுக்கு உரிய மரியாதை அது. வழிபாட்டில் உள்ள கல்லை ஆராய விரும்பினால் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ முதலில் அனுமதி கேளுங்கள்.

படி 2: கல்லைச் சேதப்படுத்தாமல் படியுங்கள்

தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பி பிரஷ், அமிலம், சுண்ணாம்பு, பெயின்ட் ஆகியவற்றைக் கல்லருகே கொண்டு செல்லவே கூடாது. பல கற்களில் நெடுங்காலமாக அடித்த வெள்ளையடிப்பு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து உதிரும், அப்படியே விட்டுவிடுங்கள்.

எழுத்தைக் காட்டுவது வெளிச்சம்தான். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாத கல்லில், காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ பக்கவாட்டில் விழும் வெயில் பள்ளங்களில் நிழல் கட்டி எழுத்தை எழுப்பிக் காட்டும். பகலில்தான் செல்ல முடியும் என்றால் குடையால் வெயிலை மறைத்துக்கொண்டு, கைவிளக்கைக் கல்லின் முகத்தை ஒட்டினாற்போலப் பக்கத்திலிருந்து பிடித்து, கோணத்தை மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். கல்லின் நான்கு முகங்களையும் மேற்பரப்பையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் தமிழ் எண்கள்தான். அவை எழுத்துகளைப் போலவே தோன்றும்: ஒன்று ‘க’ போலவும், இரண்டு ‘உ’ போலவும், மூன்று ‘ங’ போலவும், நான்கு ‘ச’ போலவும் இருக்கும். தொடர்ந்து ஐந்து ‘ரு’, ஆறு ‘சு’, ஏழு ‘எ’, எட்டு ‘அ’, ஒன்பது ‘கூ’, பத்து ‘ய’ என்ற வடிவங்களை ஒத்திருக்கும். ‘க உ ங ச ரு சு எ அ கூ ய’ என்று வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஊர்ப்பெயருக்குக் கீழே ‘உஉ’ என்று பொருளற்ற எழுத்துகள் நிற்பதாகத் தோன்றினால் அது ௨௨, அதாவது 22. பழைய முறையில் பத்துக்கென்று தனிக்குறி உண்டு என்பதால் ‘யசு’ போலத் தெரிவது ௰௬, அதாவது 16. ௨௰௯ என்றால் இரண்டு பத்தும் ஒன்பதும் சேர்ந்த 29.

படி 3: மைல்கல்தானா என்று உறுதிசெய்து, காலத்தைக் கணியுங்கள்

ஊர்ப்பெயரும் எண்ணும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அது தொலைவுக்கல். ஆங்கிலேயர் காலக் கற்களில் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும், ரோமன் எண்ணும் தமிழ் எண்ணும் கலந்து வருவதுண்டு. கல்லில் ஆண்டு எழுதியிருப்பது அரிது. ஆனாலும் காலத்தைக் கணிக்க நல்ல வழிகள் உள்ளன.

முதல் வழி அளவை. இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது; அதன் பிறகே சாலைகளில் கிலோமீட்டர் கற்கள் படிப்படியாக வந்தன. ஆகவே தொலைவு மைலில் இருந்தால் அந்தக் கல் அநேகமாக 1960களுக்கு முற்பட்டது. இரண்டாவது வழி பெயர். ‘டிரிச்சினாபோலி’, ‘டின்னவெலி’, ‘டேஞ்சோர்’ என்ற உச்சரிப்பைத் தரும் ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் ஆங்கிலேயர் காலத்து மரபைச் சேர்ந்தவை. ‘மெட்ராஸ்’ 1996இல்தான் ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆயிற்று. எனவே ‘மெட்ராஸ்’ என்ற பெயரோடு கிலோமீட்டரும் சேர்ந்து நின்றால் அது ஏறத்தாழ 1960க்கும் 1996க்கும் இடைப்பட்ட கல்.

மூன்றாவது வழி எழுத்தின் வடிவம். இதைக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தமிழ்க் கற்கள் தனி மகிழ்ச்சியைத் தரும். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் தனியே பிரியாமல் சுழித்தும் எழுதப்பட்டன. ‘திருவண்ணாமலை’ என்று வெட்டிய கல் கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஒரே பெயரில் ‘ணா’வும் ‘லை’யும் இருப்பதால் இரண்டையும் சோதித்துவிடலாம். ‘சென்னை’யில் ‘னை’யைப் பாருங்கள். ‘மதுரை’, ‘கோவை’ போன்ற பெயர்கள் இதற்கு உதவா, ஏனெனில் ரையும் வையும் அன்றும் இன்றும் ஒரே வடிவம்தான். பழைய வடிவம் இருந்தால் 1978க்கு முந்தையது என்று உடனே முடிவுகட்டாமல், கல்தச்சரின் கைப்பழக்கம் அரசாணைக்குப் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிறகு இடத்தைச் சோதியுங்கள். ஒரு மைல் என்பது 1.609 கிலோமீட்டர். கல்லில் ‘மதுரை 12’ என்றிருந்தால், பழைய சாலையின் வழியே ஏறத்தாழ 19.3 கிலோமீட்டரில் மதுரை வர வேண்டும். அது பேருந்து நிலையத்தோடு பொருந்தாவிட்டால் கோட்டை, கச்சேரி எனப்பட்ட பழைய அரசு அலுவலகம், பழைய அஞ்சலகம் போன்ற இடங்களிலிருந்து அளந்து பாருங்கள், ஏனெனில் தொலைவு எந்தப் புள்ளியிலிருந்து கணக்கிடப்பட்டது என்பது ஊருக்கு ஊர் மாறும். எதனோடும் பொருந்தவில்லை என்றால் கல் இடம் பெயர்ந்திருக்கலாம். பொருந்திவிட்டால், சாலையின் இரு திசைகளிலும் 1.6 கிலோமீட்டர் தள்ளி அடுத்த கல்லைத் தேடுங்கள். ஒரு மைல்கல் தனியாக நடப்பட்டதே இல்லை.

படி 4: மைலுக்கு முந்திய காதக்கற்களை அறிந்துகொள்ளுங்கள்

ஆங்கிலேயர் வந்துதான் தொலைவுக்கல் நட்டார்கள் என்ற எண்ணம் தவறு. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கற்கள் ‘அதியமான் பெருவழி’யில் ‘நாவல் தாவளத்துக்கு’ இத்தனை காதம் என்று தொலைவைச் சொல்கின்றன. ஒன்று 27 காதம், மற்றொன்று 29 காதம். தாவளம் என்பது வணிகர் தங்கிச் செல்லும் இடம்; காதம் என்பது பழைய தொலைவு அளவு. எண்ணை எழுத்தில் வெட்டியதோடு நில்லாமல், பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்று கல்லில் குழித்தும் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பொதிமாட்டுக்காரர் விரலால் தடவியே, இருட்டிலும், தொலைவை எண்ணிக்கொள்ள முடியும். எழுத்தறியாத மனிதரையும் வழிப்போக்கராக மதித்த அந்த அக்கறை இன்றைய சாலைப் பலகைகளில்கூட அரிது.

சேலம் மாவட்டம் ஆறகழூரில் உள்ள காதக்கல், மகதேசன் பெருவழியில் காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்கிறது. ஆறகழூரிலிருந்து காஞ்சிபுரம் நேர்க்கோட்டில் சுமார் 170 கிலோமீட்டர்; அப்படிப் பார்த்தால் காதம் ஒன்றுக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. காதம் என்றால் பத்து மைல் என்று பலர் சொல்லும் வாய்பாட்டை எல்லா இடத்துக்கும் பொருத்தக் கூடாது என்பதற்கு இதுவே சான்று. கோயம்புத்தூர் அருகே சுண்டக்காமுத்தூரில் பாறையில் வெட்டப்பட்டுள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு தொலைவைச் சொல்லாமல் வழியின் பெயரைச் சொல்வது. இத்தகைய கல்லில் வட்டெழுத்தோ (தமிழை எழுதிய பழைய வளைவெழுத்து) பழைய தமிழெழுத்தோ இருந்தால் நீங்களே படிக்க முயல வேண்டாம். தெளிவான படம் எடுத்து, அறிந்தவரிடம் கொடுங்கள்.

குழிகளைப் பார்த்தவுடன் காதக்கல் என்று துள்ளவும் வேண்டாம். பல்லாங்குழி ஆடிய குழிகளும், கல் உடைக்க உளி இறக்கிய துளை வரிசைகளும் எல்லா ஊர்ப் பாறைகளிலும் இருக்கின்றன.

படி 5: எல்லைக்கல்லைச் சின்னத்தைக் கொண்டு பிரித்தறியுங்கள்

எல்லைக்கல்லில் எழுத்தைவிடச் சின்னமே பேசும். கோட்டுருவமாகத் திரிசூலம் இருந்தால் அது சிவன் கோயில் நிலத்தின் எல்லையைக் காட்டும் சூலக்கல்; சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலத்தின் திருவாழிக்கல்; ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று குடைகள் இருந்தால் சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்த நிலம். ஒரு கையில் குடையும் மறுகையில் கமண்டலமும் ஏந்திய குள்ள உருவம் வாமனர்; நிலக்கொடையைக் குறிக்கும் இந்த வாமனக்கற்கள் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கிடைத்துவருகின்றன. பக்கத்தில் சூரியனும் பிறையும் இருந்தால் அவை உள்ளளவும் கொடை நிலைக்கட்டும் என்று பொருள்.

சோழர் செப்பேடுகள் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்து, ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ அதை உறுதிசெய்ததைச் சொல்கின்றன. ஆகவே ஒரு சூலக்கல் கிடைத்தால் அதன் இணைக்கற்கள் மற்ற மூன்று திசைகளில் இருந்திருக்கும் என்று கருதி, ஓடை, ஏரிக்கரை, வண்டிப்பாதை ஆகியவற்றை ஒட்டித் தேடுங்கள்.

மிகுதியாகக் கண்ணில் படுவன இவையல்ல, நில அளவைக் கற்களே. தலையில் அம்புக்குறியோ துளையோ உள்ள குட்டையான கல் சர்வே கல்லாக இருக்கக்கூடும். மூன்று கிராமங்களின் எல்லை கூடும் இடத்தில் நிற்பது முச்சந்திக்கல். அரசின் இணையச் சேவையில் புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை, பதிவிறக்கி ஒப்பிட்டால் எந்தப் புல எண்ணின் மூலை அது என்று பார்த்துவிடலாம். 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி இக்கற்களைப் பேணுவது நில உரிமையாளரின் கடமை. அசைத்தால் வழக்கு வரும். ‘எஸ்.ஐ.ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகள் தென்னிந்திய ரயில்வேயையும், ‘ஆர்.எஃப்.’ காப்புக்காட்டையும், ‘பி.டபிள்யூ.டி.’ பொதுப்பணித் துறையையும் குறிப்பவை.

படி 6: வேறு கற்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

இரண்டு தூண்கள்மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்திருந்தால் அது சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம், அதிலும் பெயரும் ஆண்டும் இருக்கலாம். மேய்ச்சல் தரையில் தனியே நிற்கும் சொரசொரப்பான தூண், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் ஆவுரிஞ்சிக்கல். வில்லோ வாளோ ஏந்திய வீரன் இருந்தால் நடுகல்.

படி 7: பதிந்து, தெரிவியுங்கள்

ஒவ்வொரு கல்லுக்கும் கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, சாலையின் எந்தப் பக்கம், எழுத்துள்ள முகம் எந்தத் திசையை நோக்குகிறது, தரைக்குமேல் உயரம், அகலம், தடிமன் ஆகியவற்றை எழுதுங்கள். படத்தில் அளவுகோல் ஒன்று தெரிய வேண்டும். தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்பாமல் புள்ளியிட்டு விடுங்கள். அந்தக் கல்லை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் பழைய மைல்கற்களுக்கும் எல்லைக்கற்களுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் இருப்பதால், நீங்கள் சேர்க்கும் புள்ளி அடுத்தவருக்கும் பயன்படும். சூலம், சக்கரம், பழைய எழுத்து உள்ள கல்லாக இருந்தால் பொதுவெளியில் இடத்தைப் பகிர்வதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் படத்துடன் எழுதுங்கள்.

சாலையில் அளவு எடுத்துச் சிவப்புப் பெயின்டால் குறியிடத் தொடங்கிவிட்டார்கள் என்றால் காத்திருக்க நேரமில்லை. அன்றே நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்குக் கல்லின் இடத்தைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் மனு கொடுங்கள். நகலை வட்டாட்சியருக்கு அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். வேலை நடக்கும் இடத்து மேஸ்திரியிடமும் நேரில் போய்க் கல்லைக் காட்டுங்கள். வண்டியை ஓட்டுபவருக்கு உத்தரவு சொல்பவர் அவர்தான்.