நீர்நிலை விபத்துப் பதிவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘இடம்: கொள்ளிடம் ஆறு. காரணம்: நீச்சல் தெரியாமல் மூழ்கி இறந்தார்.’ இப்படி எழுதப்பட்ட ஒரு பதிவை வைத்துக்கொண்டு எச்சரிக்கைப் பலகையைக்கூட எங்கே நடுவது என்று முடிவு செய்ய இயலாது. முக்கொம்பில் பிரிந்து கடலைச் சேரும்வரை கொள்ளிடம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது.

உடல் கரை ஒதுங்கிய இடத்தையே விபத்து நடந்த இடமாக எழுதிவிடுவது முதல் தவறு. ஓடும் நீர் உடலை வெகுதூரம் கொண்டுபோய்விடும் என்பதால், அவர் நீரில் இறங்கிய இடத்தையும் உடல் கிடைத்த இடத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். எந்தப் படித்துறை, எத்தனையாவது படியில் பாசி படர்ந்திருந்தது, மதகு எவ்வளவு தொலைவில் இருந்தது, அன்று அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டிருந்ததா என்பவற்றை அன்றைக்கே எழுதாவிட்டால், மறுவாரம் கேட்கும்போது எவருக்கும் நினைவிருக்காது.

‘நீச்சல் தெரியாது’ என்பதைக் காரணமாக எழுதுவது அதைவிட வருத்தம் தரும் தவறு. அது இறந்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டு விசாரணையை அங்கேயே முடித்துவிடுகிறது. முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருந்தவர், மணல் அள்ளிய பள்ளத்தில் அடுத்த அடியை வைத்ததும் தலைக்குமேல் நீர் போய்விடுகிறது என்றால், பதிவில் இருக்க வேண்டியது அந்தப் பள்ளம்தான். காப்பாற்றக் குதித்து இறந்தவரையும் ‘குளிக்கச் சென்றவர்’ கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இறப்புகளை மட்டும் எண்ணுவது. நீரில் மூழ்கிச் சுவாசம் தடைபடும் நிகழ்வையே உலக சுகாதார நிறுவனம் மூழ்குதல் என வரையறுக்கிறது. அதன் முடிவு மரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இயற்கைக்கு மாறான மரணம் நேர்ந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின்படி விசாரணை தொடங்குகிறது. தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றப்பட்ட சிறுவனுக்கோ எந்த ஏட்டிலும் இடமில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகின் நிலைத்தன்மையும் அதன்பின் பேசப்பட்டன. அப்படி ஒரு படகு சாய்ந்து, கவிழாமல் நிமிர்ந்துவிட்டால் அதுவும் பதிவாக வேண்டிய நிகழ்வுதான். அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகை ஓட்டுபவர், மரணத்தை மட்டுமல்ல, முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்படும் காயத்தையும் 2,000 டாலருக்குக் குறையாத சேதத்தையும் அறிவித்தாக வேண்டும். தான் சொல்வது வழக்காகத் திரும்பிவிடும் என்று அஞ்சும் படகோட்டி வாய் திறக்கமாட்டார். ஆகவே பாடம் கற்பதற்கான பதிவும் குற்றம் காண்பதற்கான பதிவும் வெவ்வேறாக இருப்பதே நல்லது.

எண்ணிக்கையைத் தொகுப்பவர்கள், இறப்புக் காரணங்களைக் குறிக்கப் பயன்படும் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டுக் குறியீடுகளிலும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் தற்செயலாக மூழ்குதல் டபிள்யூ 65 முதல் 74 வரையிலும், படகு விபத்தில் மூழ்குதல் வி 90-இலும், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் எக்ஸ் 38-இலும் வருவதால், முதல் தொகுதியை மட்டும் கூட்டுபவரின் கணக்கில் மற்ற இரண்டும் விடுபட்டுப்போகும்.

படிவத்தில் ‘லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தாரா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘தெரியவில்லை’ என்ற கட்டமும் இருக்க வேண்டும். அது இல்லாதபோது எழுதுபவர் வெற்றாக விட்டுவிடுகிறார். கணினியில் ஏற்றுபவர் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்.